அப்பாவின் பெயரில் ஒரு கார்

டிலுக்சன் ஓடித் திரிந்த கார் டிலுக்சனுடையது அல்ல. பீட்சாக் கடையில் நின்று காசு சேர்த்தவன் அவன்தான். மெரிலேண்ட்ஸ் தெருக்களில் பாட்டு அதிர அதிர அதைக் கொண்டு திரிந்தவனும் அவன்தான். பதிவு மட்டும் தகப்பன் ஜெயசிங்கத்தின் பெயரில் இருந்தது. பதினெட்டு வயதுப் பொடியன் பெயரில் போட்டால் இன்சூரன்ஸ்காரன் தோலை உரித்துவிடுவான் என்பது சிட்னித் தமிழ்ச் சனத்துக்கு மனப்பாடம். இதற்காக யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. பிள்ளை ஓடுவான், பெற்றவர் பெயர் கடதாசியில் இருக்கும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் ஜெயசிங்கமும் நினைத்தார்.

அவர் பாண் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக மா பிசைகிற மனிதர். வேக எல்லையைத் தாண்டி ஒருநாளும் பிடிபட்டதில்லை. அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மகனின் காரைத் துப்புரவாக்கப் போனார். மகன் அதைச் செய்யப்போவதில்லை. உள்ளே பழைய உருளைக்கிழங்குப் பொரியல், காலுறை, காலியான போத்தல் என்று ஒரு குப்பைமேடே கிடந்தது. ஓட்டுநர் சீற்றுக்குக் கீழே கையை விட்டபோது சுருட்டிய குளியல் துவாய் ஒன்று அகப்பட்டது. தூக்கினார். துவாய்க்கு அந்தப் பாரம் வராது. விரித்துப் பார்க்கு முன்னமே கைக்கு விளங்கிவிட்டது. கறுப்பாக, சின்னதாக ஒரு பிஸ்டல்.

துவாயோடு அள்ளிக்கொண்டு நேரே மகனின் அறைக்குப் போனார். டிலுக்சன் கட்டிலில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். துவாயைக் கண்டதும் எழும்பி இருந்தான்.

“இது என்ன?”

“என்ர இல்லை அப்பா. ஒரு ஃபிரெண்ட் வைச்சிருக்கச் சொன்னவன். ஜஸ்ட் டூ வீக்ஸ்.”

“கொண்டே அவனிட்டக் குடு.”

“ஏலாது. அவனைப் பிடிச்சிட்டாங்கள். உள்ளுக்கு இருக்கிறான்.”

“துவக்குக்கு உள்ளுக்கு ரவை, தோட்டா கிடக்கோ?”

“ஐ திங்க் சோ.”

ஜெயசிங்கத்துக்குக் கை ஓங்கியது. ஓங்கிய கையில் துவக்கு இருக்கிறது என்று அப்போதுதான் கண்டு, பயந்துபோய் அதை மேசையில் வைத்தார். பிள்ளையை அடித்து வளர்த்தவரும் அல்ல. இப்படி ஒரு மடையனைப் பெற்றுவைத்திருக்கிறேனே என்று வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றுக்குள்ளேயே, இவனைப் பிடித்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் கிடந்தது. டிலுக்சனுக்குப் பதினெட்டும் இரண்டு மாதமும். இந்த நாட்டுக் கணக்கில் அவன் முழு ஆள்.

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து வந்த மனைவி அருள்நாயகி மேசையைப் பார்த்தாள். கையில் கரண்டி. பிறகு மெல்லச் சொன்னாள்:

“பொலிசில கொண்டே குடுப்பமேப்பா. உள்ளதைச் சொல்லுவம்.”

“விசர்க்கதை கதையாதை,” என்றார் ஜெயசிங்கம்.

அவள் திரும்பக் கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன், மன்னார்க் கரையோரத்தில், ஜெயசிங்கத்தின் வீட்டு வேலியடியில் யாரோ ஒரு துவக்கைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவருடைய தகப்பன் நேர்மையான மனுசன். அதைச் சாக்கில் சுற்றி, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, இராணுவ முகாமில் கொண்டுபோய் ஒப்படைத்தார். பெயர் கேட்டார்கள், விலாசம் கேட்டார்கள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். அன்று பின்னேரமே ஜீப் வந்து, ஒன்று இருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்டு, ஜெயசிங்கத்தின் அண்ணன் கிளமெண்டை ஏற்றிக்கொண்டு போனது. கிளமெண்ட் திரும்பி வரவில்லை. தகப்பன் சாகும்வரை அந்த வெள்ளைச் சேட்டைத் திரும்பப் போடவில்லை.

ஆகவே ஜெயசிங்கம் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார்.

“கார் ஆற்ற பேரில இருக்கு?” என்று மகனைக் கேட்டார்.

“உங்கட.”

“அப்ப இதுவும் என்ர. ஆர் வந்து கேட்டாலும் உனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாது, அவ்வளவுதான். அதுக்கு மேல வாய் திறக்கப்படாது. விளங்குதோ?”

“ஓம் அப்பா.”

இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, பிஸ்டலை மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். மகனின் விரல் பட்ட அடையாளம் ஒன்றும் இருக்கக்கூடாது. துடைக்கத் துடைக்கத் தன்னுடைய விரல்தான் பதிகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. சீவியத்தில் அவர் ஒரு துவக்கைத் தொட்டது அன்றைக்குத்தான். ரவையைக் கழற்றத் தெரியாததால் அதை அப்படியே விட்டார். சாரத் துண்டில் சுற்றி, ஷொப்பிங் பையில் போட்டு, மீன்பிடிக்கக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ஐஸைக் கொட்டி, தூண்டிலுக்கு வாங்கி வைத்திருந்த இறால் பக்கற்றையும் போட்டு மூடினார். பெட்டியும் தூண்டில் தடியும் மகன் ஓடுகிற அந்தக் காரின் டிக்கிக்குள் போயின. பகல் இரண்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகிற ஒரு தமிழரை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆற்றில் ஆழமான இடம் ஒன்று அவருக்குத் தெரியும்.

“கவனமாப் போட்டு வாங்கோ,” என்றாள் அருள்நாயகி. டிலுக்சன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இருபது நிமிடம் ஓடியிருப்பார். வளைவைத் தாண்டியதும் ஆரஞ்சுக் கூம்புகள், நீலச் சட்டைகள், கையை உயர்த்தி நிற்கிற ஒரு இளம் பொலிஸ்காரன். குடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பிடிக்கிற வழக்கமான மறிப்பு. ஜெயசிங்கம் இதில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். கண்ணாடியை இறக்க வேண்டும், அவர்கள் நீட்டுகிற கருவிக்கு முன்னால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், அவர்கள் நல்ல நாளாகட்டும் என்பார்கள், போய்விடலாம். அரை நிமிட வேலை. அவர் குடிப்பதும் இல்லை.

அவர் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

ஏன் இறங்கினீர்கள் என்று பிறகு எத்தனையோ பேர் அவரைக் கேட்டார்கள். பதில் இதுதான்: கப்பலேறுவதற்கு முன் ஏழு வருடம் அவர் மன்னாரிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓடியவர். சண்டைக் காலம், வழியில் பதினொரு இராணுவச் சோதனைச் சாவடி. கை உயர்ந்தால் லொறியை நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையை முன்பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னால் போய் மீன் பெட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் தானே திறந்து காட்ட வேண்டும். சொல்லுமட்டும் பார்த்து நின்றவனுக்குத் துவக்குப் பிடியால் அடி விழும். சிட்னிக்கு வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது போகவில்லை. டிக்கியில் துவக்கு இருந்த அந்த ஒரு நாளில் உடம்பு அவரைக் கேட்காமல் பழைய றோட்டுக்குப் போய்விட்டது.

“சேர், காருக்குள் இருங்கள்,” என்றான் பொலிஸ்காரன் ஆங்கிலத்தில். ஜெயசிங்கத்துக்கு அது கேட்கவில்லை. லைசன்ஸை எடுத்து முன்பக்கத்தில் வைத்தார். பின்னால் போனார். டிக்கியைத் திறந்தார். ஐஸ் பெட்டியின் மூடியையும் திறந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விலகி நின்றார்.

ஒன்றும் இல்லாதவன் இப்படிச் செய்ய மாட்டான் என்று யாருக்கும் தோன்றும். பொலிஸ்காரன் இன்னொருவனைக் கூப்பிட்டான். ஒருவன் இறால் பக்கற்றைத் தூக்கினான். ஐஸை விலக்கினான்.

யாருடையது என்று கேட்டார்கள்.

“மைன்,” என்றார் ஜெயசிங்கம். “மை கார். எவ்ரிதிங் மைன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, “மை சன் டோன்ட் நோ எனிதிங்,” என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு மகன் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது.

பதினொரு நாள் உள்ளே இருந்தார். பிணையில் வந்த மறுகிழமை, அருள்நாயகியோடு ரயிலேறி, பரமட்டாவில் உள்ள சட்டத்தரணி ஷாமினியின் அலுவலகத்துக்குப் போனார். காரைப் பொலிஸ் எடுத்து வைத்திருந்தது. ஷாமினி மலேசியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயதுக்கு மேல் இராது. அருள்நாயகியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“நேராவே சொல்லிடுறேன் அங்கிள். இந்த நாட்டுல கைத்துப்பாக்கியே வச்சுக்க முடியாதுன்னு இல்ல. பதினெட்டு வயசாகி, சுடுற கிளப்புல சேர்ந்து, லைசென்ஸ் எடுத்தா வச்சுக்கலாம். ஆனா கார்ல கொண்டு போறப்போ தோட்டாவைக் கழட்டணும். துப்பாக்கி பூட்டின பெட்டியில, தோட்டா தனியா. லைசென்ஸ் உள்ளவங்களுக்கே இதுதான் ரூல். நீங்க லைசென்ஸ் இல்லாம, ஏழு தோட்டாவோட, இறாலுக்கு அடியில வச்சிருந்தீங்க.”

“ரவை கழட்டத் தெரியேல்லை பிள்ளை.”

“சட்டத்துல பதினாலு வருஷம் வரைக்கும் இருக்கு. அவ்வளவு போட மாட்டாங்க. சும்மா வீட்டுக்கும் அனுப்ப மாட்டாங்க. சரி, அன்னிக்கு எங்கதான் போனீங்க?”

“ஆத்தில போட.”

ஷாமினி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “ஆத்துக்குப் போற வழியில ஒரு பொலீஸ் ஸ்டேஷன் இருக்கு, தெரியுமா? ஒரு போன் பண்ணிட்டு அங்க கொண்டு போய்க் குடுத்திருந்தா வாங்கி வச்சிருப்பாங்க. நிரந்தரப் பொதுமன்னிப்பு இருக்கு அங்கிள். தானா ஒப்படைச்சா கேஸ் இல்ல. பேருகூட சொல்ல வேணாம்.”

ஜெயசிங்கம் கதிரையில் முன்னுக்கு வந்தார்.

“பேரும் கேக்க மாட்டினமோ?”

“கேக்க மாட்டாங்க.”

அவருக்குத் தகப்பனை நினைத்து அழுகை வந்தது. இந்தப் பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஷாமினி பொறுத்திருந்து சொன்னாள். “கார் உங்க பேர்ல இருக்கு. கார்ல இருக்கறது சொந்தக்காரர் வசம் இருக்கறதாத்தான் சட்டம் எடுத்துக்கும். எனக்குத் தெரியாதுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். நீங்களோ என்னோடதுன்னு பொலீஸ் சட்டையில இருந்த கேமராவுக்கு முன்னால சொல்லிட்டீங்க. இப்பவும் ஒரு வழி இருக்கு. அது யாரோடதுன்னு என்கிட்ட சொல்லுங்க.”

“என்ர.”

“டிலுக்சனுக்கு ரெண்டு மாசம் கம்மியா இருந்திருந்தா சிறுவர் கோர்ட். இப்போ அவன் மாட்டினா பெரியவங்க ஜெயில். அதுக்குத்தானே?”

அந்த இரண்டு மாதத்தை அவர் பதினொரு நாளும் உள்ளே படுத்திருந்து எண்ணிப் பார்த்தவர். அதைச் சொல்லவில்லை. “என்ர எண்டு சொல்லிப்போட்டனே பிள்ளை,” என்றார்.

“அப்போ அவன் பொலீஸ்கிட்ட என்ன சொல்லியிருக்கான்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.” அவள் ஒரு தாளை எடுத்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். துப்பாக்கியைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறான். எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றிருக்கிறான். ஜெயசிங்கம் ஓம், ஓம் என்று தலையாட்டினார். பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை. அதுவே அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

“அதுக்கப்புறம் அவங்க கேள்வியே கேக்கல. அவனாத்தான் சொல்லியிருக்கான்.” ஷாமினி தாளைப் பார்த்தே படித்தாள். “‘அப்பா சண்டை நடந்த இடத்துல இருந்து வந்தவர். அங்க அவர் என்ன செஞ்சார்னு எங்களுக்குத் தெரியாது. அவர்கிட்ட துப்பாக்கி இருந்தா எனக்கு ஆச்சரியமா இருக்காது. சில நேரம் அவரைப் பார்க்கவே பயமா இருக்கும்.’”

உள்ளே போய்க் கிடக்க ஜெயசிங்கத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதற்கு எப்போதோ மனதைத் தயார்படுத்திவிட்டார். இந்த நாலு வரிக்கு அவர் தயாராக இருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் இடி இடித்த இரவுகளில் ஓடிவந்து அவருடைய சாரத்துக்குள் புகுந்துகொண்ட பிள்ளை, எந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்?

“இந்த நாலு வரி உங்களுக்கு ரொம்பக் கெடுதல் அங்கிள். நீதிபதி இதைப் படிப்பார்.” அவள் குரல் தணிந்தது. “இதையும் நீங்கதான் சொல்லச் சொன்னீங்களா?”

ஷாமினி டிலுக்சனைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் ஜெயசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

“ஓம்,” என்றார். “நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். அவன் சின்னப் பொடியன். அவனுக்கு உந்தக் கதையள் எங்க தெரியும்?”

ஷாமினி ஒன்றும் எழுதவில்லை. அடுத்த தவணைத் தேதியை ஒரு துண்டில் குறித்துக் கொடுத்து, கதவுவரை கூட வந்தாள்.

வெளியே அருள்நாயகி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

“டிலுக்சன் பொலிசில ஒண்டும் மாறிக் கீறிச் சொல்லேல்லத்தானே?”

“இல்லையப்பா,” என்றார் ஜெயசிங்கம். “நல்ல வடிவாச் சொல்லியிருக்கிறான்.”