மெழுகுப் பல்

பதினேழு வருடமாகச் செத்தவர்களின் கோப்புகளைத்தான் பார்க்கிறேன். காப்பீட்டு அலுவலகம். எந்தத் தேதி, எப்படி இறந்தார், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டு எழுதுவேன். எதிரே இருப்பவர் அழுவார். எனக்கு ஒன்றும் ஆகாது. மரத்துப்போய் எத்தனை காலமாயிற்றோ, அதுவும் தெரியவில்லை.

கை மட்டும் சும்மா இருக்காது. சோப்பு, சாக்பீஸ், மெழுகுவத்தி, எது கிடைத்தாலும் செதுக்கும். "கையில இவ்ளோ வித்தைய வச்சுக்கிட்டு இப்படிப் பிணக்கணக்கு எழுதிட்டிருக்கியேடி!" என்று அக்கா நச்சரித்து நச்சரித்து, செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் ஒருநாள் சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பல் அமைந்தால் வேலை. இல்லாவிட்டால் மறுபடி கோப்புதான்.

கூடத்து முதலாளியம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பல் செய்கிறவள் முதலில் எதிரே உட்கார்ந்து ஆளைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரிக்கும்போது உதடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் மாதிரிப் பல் செதுக்கும் மெழுகைத் தொடலாம்.

"ஏதாவது ஜோக் சொல்லும்மா. அழ வச்சுராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வந்தவர் ஒரு டீச்சர். முன்பல் ஒன்று இல்லை. எனக்கெங்கே ஜோக் வரும்? வாயைத் திறந்தேன், பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது.

"எப்ப நடந்தது? எப்படி?"

"போன வருஷம். கார் மோதிருச்சு. வீட்டுக்காரர்தான் ஓட்டினார்."

"அவருக்கு?"

"அங்கேயே போயிட்டார்."

"பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"நான் மட்டுந்தான்" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை, தேற்றவுமில்லை. மருந்துக்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

பார்த்த வாய்க்குத்தானே பல் செய்ய முடியும்? செய்தேன். பொருத்தியதும் கச்சிதமாக இருந்தது. முதலாளியம்மா எதையோ சொல்லி டீச்சரைச் சிரிக்க வைத்தார். உதடு ஏறியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் சந்து தெரிந்தது. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "அட, அரை மில்லிமீட்டர் கூட்டினா சரியாயிரும். உனக்குத் தங்கமான கை. திங்கக்கிழமை வந்துரும்மா."

வேலை கிடைத்துவிட்டது. அக்காவாக இருந்தால் குதித்திருப்பாள். சந்தோஷம் வரும் என்று நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா இதை யாருமே கேக்கலம்மா. மனசைத் தேத்திக்கோன்னு சொல்லியே வாயை அடச்சிருவாங்க. நம்ம ஊரு காப்பீட்டு ஆபீசுக்கு அவரோட பேப்பரைக்கூட இன்னும் கொண்டுபோகல. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயம்."

"அங்கதான் நான் வேலை பாக்குறேன்" என்றேன். "திங்கக்கிழமை காலையில வாங்க. நான் இருப்பேன்."

முதலாளியம்மா என்னையே பார்த்தார். சொன்ன பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை என் காதிலும் விழுந்தது.