ஆளுக்கொரு பிளக்

எங்கள் படகு மோட்டாருக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்பார்க் பிளக். சொந்தக்காரர்களும் இரண்டு பேர்: நானும், என் மனைவி லுகேரியாவின் அண்ணன் பிமெனும். முப்பது வருடத்துக்கு முன் சேர்ந்து வாங்கியது. குளிர்காலத்துக்கு மோட்டாரைக் கட்டி வைக்கும் நாளில் பிளக்குகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப் போவோம். அந்த ஓட்டைகளில் செத்துப்போன பழைய பிளக்குகளை முறுக்கிவிடுவோம். டான்யூப் ஆற்றில் பனிக்கட்டி உடைந்ததும் அவன் தன்னுடையதைக் கொண்டு வரவேண்டும், நான் என்னுடையதை. ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவன் கால்வாயில் இறங்க முடியாது.

இது பாசத்தில் ஆரம்பித்த வழக்கம் இல்லை. முதல் வருடமே பிமென் எனக்குத் தெரியாமல் மோட்டாரை எடுத்துப்போய் ஒரு கூடை கெண்டை பிடித்து வந்து, அதில் நாலை எனக்கே பரிசாகக் கொடுத்தான். அந்தத் திருட்டு முழியை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பிரித்துக்கொண்டோம்.

இந்த வருடம் அவன் இத்தாலிக்குப் போகிறான். தூரினில் இருக்கும் மகள், அப்பா தனியாகக் கிடக்க வேண்டாம் என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். குளிர்காலத்துக்கு மட்டும்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்கள் தெருவில் குளிர்காலத்துக்கு மட்டும் போனவர்களின் வீடுகளில் இப்போது முற்றம் வரை நாணல் வளர்ந்து நிற்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் பிளக்கை எடுத்துக்கொண்டு போகிறானா இல்லையா? எடுத்துக்கொண்டால் திரும்பி வருவான். இதை வாய்விட்டுக் கேட்க என் ரோஷம் விடவில்லை.

நவம்பரில் வரும் மிகையேல் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, முற்றத்தில் தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மோட்டாரை மாட்டினோம். கயிறு இழுக்கும் உரிமை எப்போதும் பிமெனுக்குத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பீப்பாய்த் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது. உள்ளே தங்கியிருந்த சேறெல்லாம் கழுவிப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன். உள்ளே மிச்சம் இருப்பது எரிந்து தீர்ந்து, தானாக நிற்க வேண்டும். நிற்கும்வரை பிமென் காற்றுத் துவாரத்தில் எண்ணெய் பீய்ச்சுவான். முற்றமெல்லாம் நீலப் புகை.

அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய வருடங்கள் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. ஒரு காலத்தில் இதற்குத் தெருவே கூடும். பெண்கள் மீன் சாற்றுச் சட்டியோடு வருவார்கள். குழாயைப் பிடுங்கியபின் மோட்டார் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பந்தயம். தோற்றவன் மோட்டாரைத் தோளில் சுமந்து கொட்டகைக்குப் போகவேண்டும். கடிகாரத்தை யாரும் நம்பமாட்டார்கள். லுகேரியா தன் தோல்வார் ஜெபமாலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ‘ஆண்டவரே இரங்கும்’ என்று எண்ணுவாள். மோட்டார் அணைவதற்கு இத்தனை ஜெபம் என்று கணக்கு. ஒருமுறை பாதிரியார் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அவளுக்குப் பிராயச்சித்தமாக நாற்பது நாள் சாஷ்டாங்கம் விதித்தார். போகும்போது என் காதோடு, எத்தனை வந்தது என்று கேட்டார்.

இரண்டாம் வருடத்துக் கூத்து இன்னும் பெரிது. மோட்டாருக்குக் குளிருமே என்று அதைக் கொண்டுபோய் நீராவிக் குளியலறையில் படுக்க வைத்தோம். சனிக்கிழமை சனிக்கிழமை அதுவும் எங்களோடு ஆவிக் குளியல் எடுத்தது. மற்ற நாளெல்லாம் உறைந்தது. படுத்தே கிடந்ததால் உள்ளே நின்ற தண்ணீர் வடியவில்லை. வசந்தத்தில் பார்த்தால், உறைந்த தண்ணீர் பிதுக்கியதில், பல்சக்கரம் இருக்கும் அடிப்பெட்டி வெடித்துக் கிடந்தது. விருந்தாளிக்குக் கூட இவ்வளவு சொகுசு கொடுத்திருக்கமாட்டோம்.

இந்த வருடம் நாங்கள் மூன்றே பேர். லுகேரியா படியில் உட்கார்ந்து எண்ணினாள். நான் முப்பது என்றேன், பிமென் நாற்பது என்றான். மோட்டார் இருமி, ஒருமுறை உறுமி, நாற்பத்தொன்றில் நின்றது. சத்தம் நின்றபின் முற்றம் மிகப் பெரியதாகத் தெரிந்தது.

அடிப்பெட்டி எண்ணெயை வடித்தோம். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சுத்தமான கறுப்பாக வந்தது. புது எண்ணெய் ஊற்றி, விசிறித் தண்டில் கிரீஸ் தடவினோம். பிறகு பிமென் பிளக்குகளைக் கழற்றினான். துடைத்தான். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிளக்கையும் ஒரே துணியில் சுற்றி என்னிடம் நீட்டினான்.

“என்னோடதையும் நீயே வச்சுக்க மச்சான். அங்க போயி இத வச்சு நான் என்ன பண்ண? ஏர்போர்ட்டுல வெடிகுண்டுன்னு பிடிச்சு உள்ள போட்டுருவான்.”

“ஆமா, உன் மூஞ்சிக்கு அதான் குறைச்சல்,” என்றேன்.

துணியை வாங்கி, வீட்டுக்குள் திருவுருவங்களுக்குக் கீழே ஜன்னல் மேடையில் வைத்தேன். அப்படியானால் வரமாட்டான். மோட்டாரை நானே சுமந்து போய்க் கொட்டகையில் நிமிர்த்தி நிறுத்தி, போர்வை சுற்றினேன். தோற்றவன் நான்தானே.

மறுநாள் காலை படகுத்துறையில் நின்றோம். துல்ச்சா நகரத்துக்குப் போகும் கப்பல் வரும் நேரத்தில் பிமெனுக்குத் தொப்பி ஞாபகம் வந்து, எங்கள் வீட்டுக்கு ஓடினான். திரும்பி வந்து என் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டு ஏறினான். போன மார்ச்சில் நான் துடுப்புப் படகில் தனியாகப் போய் நாணலுக்குள் கவிழ்ந்ததையும், அவன் என் காலரைப் பிடித்து இழுத்ததையும், கப்பலிலேயே நின்றுகொண்டு யாரோ ஒருத்திக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பல் வளைவில் திரும்பும்வரை என் மானம் போனது.

வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. இரண்டு பிளக்கும் இல்லை.

“என்னோடதையும் எடுத்துட்டுப் போயிட்டான்டி, திருட்டுப் பய,” என்றேன். அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

லுகேரியா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “அவன் வர்ற வரைக்கும் நீங்க தண்ணியில எறங்கக் கூடாதாம்.”

மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்தது. மற்றவர்களின் மோட்டார்ச் சத்தம் காலையிலிருந்து கேட்கத் தொடங்கியது. தூரினிலிருந்து ஈஸ்டருக்கு வருகிறேன் என்று போன் செய்தான், பிறகு ஈஸ்டர் கழித்து என்றான். ஒருநாள் கடைக்குப் போனேன். எங்கள் மோட்டாருக்குப் பொருந்தும் பிளக் நாலு, கல்லாவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரி என்ன வேண்டும் என்று கேட்டாள்.

ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.