பத்து மணிக்குப் போகும் சிக்னல்

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் காபி கலந்தான். ஒன்றை அத்தையின் அறை வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்தான். குளித்தான். துவைத்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டிக்கொண்டான். கேமராவில் கழுத்துப்பட்டை மட்டும்தான் தெரியும். ஒன்பது ஐம்பதுக்கு வேலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பத்து மணிக்கு மீட்டிங் தொடங்கியது. பத்து மூன்றுக்கு நெட் போனது.

ஐந்து மாதமாக இதே கதை.

அத்தை என்பது மனைவியின் அம்மா. தன் மகள், அதாவது அவன் மனைவி, ஆஸ்பத்திரியில் இறந்த அன்று வந்தவர், திரும்பிப் போகவில்லை. அவன் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம் என்று அவன் நம்பினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுகள் சுற்றி நின்றுகொண்டு, கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா என்று துளைத்தெடுத்தபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லிவிட்டான். வாயில் வந்தது அது. உண்மை அதுவல்ல. உண்மை அந்த இடத்தில் எடுபட்டிருக்காது. அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அத்தை பெட்டியோடு வந்து நடு அறையில் தங்கிவிட்டார். பால், கேஸ், மோட்டார். இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டுக்கும் இப்போது நெட் வேட்டு வைத்தது. அவனுடைய மேனேஜர் நல்ல பெண்மணி, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் அடுத்த மாதம் முதல் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் வேறு ஊரில். வீட்டைக் காலி செய்தால் அத்தை மகனோடு போய்விடுவார். மச்சான் வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். அத்தை போய்விட்டால் காலையில் ஒரு டம்ளர் காபிதான். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

பொறியியல் படித்தவன் என்பதால் முறையாகத்தான் தேடினான். ரூட்டரை அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போட்டான். சேனலை மாற்றினான். ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினான், மேற்கே திருப்பினான். ஒயரை மாற்றினான். மைக்ரோவேவைச் சந்தேகித்தான், அது பிளக்கிலேயே செருகப்படாமல் கிடந்தது. கம்பெனி லேப்டாப்பில் ஒயர் செருகத் துளை கிடையாது. செல்போன் நெட் அந்த அறையில் ஒரு கோடுகூட எடுக்காது. ஹாலில் ரூட்டருக்குக் கீழேயே உட்காரலாம்தான். ஆனால் ஹாலில் இருந்தது ஒரே மேஜை. அது மனைவியுடையது.

ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து வந்தான். போவது பத்து, வருவது பத்தேகால். மற்ற நேரமெல்லாம் ஒழுங்கு. சனி, ஞாயிறு விடுமுறை.

செவ்வாய்க்கிழமை நெட்காரர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், தலையில் முடி இல்லை, வாய் ஓயவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார், சிக்னலை அளந்தார். பத்தேகால்வரை இருந்து பார்க்கச் சொன்னான். இருந்தார். நெட் இம்மி அசையவில்லை.

"நாயக் கண்டா கல்லக் காணோம் சார்," என்றார். "என் தலையப் பாத்தா எல்லா வீட்டு நெட்டும் நல்ல புள்ளயாயிடும்." சமையலறைப் பக்கம் திரும்பி, உங்க மருமகனுக்கும் ரூட்டருக்கும்தான் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று அத்தையிடம் முறையிட்டார்.

"அவருக்கு யாரோடதான் ஒத்துப்போச்சு," என்றது உள்ளேயிருந்து குரல்.

அது கேலி என்று அவனுக்கு உறைக்கச் சாயங்காலமாயிற்று.

செருப்பை மாட்டிக்கொண்டே நெட்காரர் ஒரு வழி சொன்னார். "அடுத்த தடவ போச்சுன்னா உக்காந்துட்டே இருக்காதீங்க. போன்ல வைஃபையப் போட்டுக் கையில பிடிச்சிட்டு ரூட்டரப் பாத்து நடங்க. எந்த எடத்துல கோடு ஏறுதோ, அதுக்கு முன்னாடி தாண்டி வந்த சாமான்தான் சார் திருடன்."

மறுநாள் பத்து மூன்றுக்குப் போனது. மேனேஜர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். அவன் போனை எடுத்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தான்.

ஹாலுக்குப் போகும் குறுகிய நடையில் பீரோ நின்றது. அவளுடைய இரும்பு பீரோ. அதைப் பார்த்துக்கொண்டு படுக்க முடியாமல், அவள் இறந்த வாரமே படுக்கையறையிலிருந்து அவன் வெளியே தள்ளி வைத்தது. இப்போது அதன் கதவு விரியத் திறந்து, எதிர்ச் சுவரைத் தொட்டு, நடையை அடைத்துக்கொண்டு நின்றது. கதவுக்குக் கீழே அத்தையின் கால்கள் மட்டும் தெரிந்தன.

போனில் ஒரு கோடும் இல்லை.

"அத்தை."

கால்கள் அசைந்தன. கதவு மெல்ல மூடியது. ஒரு கோடு, இரண்டு, மூன்று. உள்ளே லேப்டாப்பில் மேனேஜர் உயிர் பெற்று, கேட்கிறதா, இருக்கிறீர்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அத்தையின் கையில் மகளின் பச்சைச் சட்டை இருந்தது. பாதி மடித்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாப்பிள்ளை மீட்டிங்கில் உட்கார்ந்தால் கால்மணி நேரம் வெளியே வரமாட்டார் என்று, அவர் கண்ணில் படாமல் அந்த நேரம் பார்த்துத்தான் தினமும் திறப்பதாகச் சொன்னார். நேற்று வெளியாள் இருந்ததால் திறக்கவில்லை.

அவன் இரும்பு சிக்னலை மறிக்கும் என்பதை விளக்கினான்.

"அப்ப இத்தன நாளா உங்க வேலைக்கு உல வெச்சது நானா?"

"நீங்க இல்ல. பீரோ."

"பீரோவ இங்க கொண்டாந்து வெச்சது யாரு?"

"நான்தான்."

"அதானே," என்றார் அத்தை.

அவன் உள்ளே போய், பழுது தெரிந்துவிட்டது, இனி போகாது என்றான். என்ன பழுது என்று மேனேஜர் கேட்டார். பீரோ என்றான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மீட்டிங் முடிந்ததும் இருவருமாக பீரோவின் காலடியில் பழைய போர்வையைச் செருகி, அத்தையின் அறைக்குள் இழுத்தார்கள். சுவரோரம் நிறுத்தினார்கள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ள, அம்மாவப் பாத்துக்கன்னு எம்பொண்ணு நெசமாவே சொன்னாளா?"

உண்மையைச் சொன்னால் அவர் இங்கே இருக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. அவன் போர்வையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான்.

"இல்ல அத்தை."

"அவ அப்படிப் பேசுற ஆளே இல்ல. அன்னைக்கே தெரியும் எனக்கு."

"அப்புறம் ஏன் இங்க இருந்தீங்க?"

"ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத ஆளத் தனியா விட்டுட்டு எங்க போறது? நான் போறதா இல்ல. இப்ப சொல்லுங்க. அவ என்னதான் சொன்னா?"

அவன் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடியதைச் சொன்னான். போய்ச் சேர்ந்தபோது அவளை ஆபரேஷனுக்கு லிப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைத் திருப்பி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை கீழே நின்றது. லிப்ட் கதவு மூடுவதற்குள் சொன்னாள்.

"காலப் பாரு. ஒண்ணு என் செருப்பு."