முப்பத்தாறு புள்ளி ஏழு

ஷினோபுவின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து கானாங்கெளுத்திக்குத் தலை வெட்டிய கை. ஜப்பானின் ஹச்சினோஹே துறைமுகத்து மீன் ஆலையில் வலிக்கென்று யாரும் கத்தியைக் கீழே வைப்பதில்லை. போன் அடித்ததும் வைத்தாள்.

"மியுவுக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல் அடிக்குது. உடனே வாங்கம்மா," என்றாள் குழந்தைகள் காப்பகத்து டீச்சர்.

ஷினோபுவுக்கு ஆச்சரியமில்லை. விடியும்போதே மகளின் உடம்பு கொதித்தது. ஆசனவாயில் வைக்கிற காய்ச்சல் மாத்திரையை வைத்து, சூடு இறங்கியதும் அளந்து, காப்பக நோட்டில் 36.7 என்று எழுதிக் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். முப்பத்தேழரை இருந்தால் உள்ளே சேர்க்கமாட்டார்கள். வேலைக்கு வராமல் போனால் வெட்டுமேசையில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டர் தொண்டையில் குச்சி விட்டுப் பார்த்தார். "அடினோவைரஸ். நீச்சல் குளக் காய்ச்சல்."

"காப்பகத்துக் குளத்துல தண்ணிய வடிச்சே ஒரு மாசமாச்சே டாக்டர்."

"அதுக்குக் காலண்டர் தெரியாதும்மா. தனி மருந்தும் கிடையாது. தண்ணி குடுத்துட்டே இருங்க. எல்லாம் சரியாகி ரெண்டு நாள் கழிச்சுத்தான் காப்பகம்."

மியுவின் கண்கள் ரத்தமாய்ச் சிவந்து பீளை கட்டின. ஆலையில் பக்கத்து மேசைத் தோமோமி, தன் வேலை முடிந்தபின் ஷினோபுவின் பங்கையும் வெட்டி அவள் இடத்தைக் காத்தாள். ஐந்தாம் நாள் மியு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, உதோன் இருக்கா?" என்றாள். ஷினோபு கொதிக்கும் நூடுல்ஸ் பானைக்கு முன்னால் நின்று அழுதாள்.

ஐந்து வேலைநாள் கழித்து ஆலைக்குப் போனாள்.

"வாடி மகாராணி," என்றாள் தோமோமி. "எங்க ரினோவுக்கும் நேத்துலேர்ந்து காய்ச்சல். இன்னிக்கு அவ அப்பா பாத்துக்கறார். எவளோ காய்ச்சலை மூடி மறைச்சு அதே காப்பகத்துல கொண்டாந்து விட்டிருக்கா."

ஷினோபு பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான்க்கா. மாத்திரை வெச்சு அனுப்பினேன்."

"நோட்டுல?"

"பொய் எழுதினேன்."

தோமோமி கையுறையை உருவி மேசையில் அடித்தாள். "நாளையிலேர்ந்து நான் ரினோவோட வீட்டுல இருக்கணும். என் மீனையும் நீயே வெட்டு. உன் மூஞ்சிய இப்பப் பாக்க முடியல."

ரினோவுக்குச் சீக்கிரமே காய்ச்சல் விட்டது. நடுவில் சனி ஞாயிறும் வந்தது. திரும்பி வந்த தோமோமி கத்தியைத் தீட்டிக்கொண்டே, ஷினோபுவைப் பார்க்காமல், "ரினோ முட்டை கேட்டா. ரெண்டு தின்னா," என்றாள்.

தோமோமி வெட்டிக் கொடுத்த ஐந்து நாளுக்கு ஷினோபு அவளுக்காக வெட்டியது மூன்று நாள். இன்னும் இரண்டு நாள் பாக்கி.