பதினேழாம் எண் பானை

மண்ணைத் தோண்ட ஒருவன் பட்டணம் போய்ப் படிக்க வேண்டுமா என்று பால்சாமியைப் பார்த்து ஊரே சிரித்தது. வருஷா வருஷம் கண்மாயில் மண் அள்ளுகிற ஊரில், தொல்லியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அறுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து ஓட்டுத்திடலில் கூடாரம் அடித்தபோது, சிரித்தவர்கள்தான் முதல் ஆளாகக் கூடை தூக்க வந்து நின்றார்கள்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, வயல் முடிந்து உவர்மண் தொடங்குகிற இடத்தில் இருக்கிற மேடு அது. நல்ல மழை பெய்தால் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகப் பழைய பானைகள் தலைகாட்டும். அந்த மேட்டைப் பற்றிப் பேராசிரியரிடம் சொன்னதே பால்சாமிதான். கூடப் படித்தவர்களுக்கு எங்கெங்கோ தோண்டி ஆளுக்கொரு பொருள் அகப்பட்டுவிட்டது. ஒருத்தனுக்குச் செப்புக்காசு, ஒருத்தனுக்குப் பாசிமணி. இவனுக்கு இரண்டு வருஷமாக வெறும் பானை ஓடுதான். இந்தத் தடவையும் ஒன்றும் அகப்படாவிட்டால் ஆய்வேடு எழுத ஒன்றுமில்லை. இன்னும் ஒரு வருஷம் படிக்கிறேன் என்று அய்யா முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியமும் இல்லை.

வேலை தொடங்கிய அன்று அக்கா முத்தழகு வந்து, ஓரமாக நின்று கேட்டாள்.

"தம்பி, திடல்ல எந்தப் பக்கம் தோண்டப் போறீக?"

"மேல்பக்கம். ஏன்க்கா?"

"இல்ல, சும்மா கேட்டேன். ஊரு சனமும் ஒண்ணு ரெண்டு அங்கன மண்ணுக்குள்ள கெடக்குல்ல."

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனதைத்தான் எடுப்போம். புதுசுன்னா மண்ணைப் பாத்தே எங்களுக்குத் தெரிஞ்சிரும். அதுக்குத்தானே படிக்கிறோம்."

தம்பி படித்தவன். முத்தழகு தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பதினோராம் நாள் மூன்றாவது குழியில் ஒரு பானை தட்டுப்பட்டது. இடுப்பளவு ஆழம். வாயில் ஒரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. பால்சாமி மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே குழிக்குள் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளினான்.

பானையைச் சுற்றியிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்து மண்ணோ கடப்பாரைக்கே மசியாத மண். இடையில் யாரோ வெட்டி, மறுபடி மூடிய மண்தான் இப்படி உதிரும் என்பது முதல் வருஷத்துப் பாடம். கண்டால் உடனே நோட்டில் எழுத வேண்டும். பென்சிலைக் கையில் எடுத்தான். எலி வளையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பென்சிலைக் காதில் செருகிவிட்டான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

தட்டை எடுத்தால் உள்ளே ஒரு பச்சைப் பிள்ளையின் எலும்புகள். உவர்மண் தின்று, உளுத்து, தொட்டால் மாவாகிவிடும் போலிருந்தன. அவற்றின் மேல் நுனி அறுத்த ஒரு சிறிய பால்சங்கு.

பேராசிரியர் பானையைத் தட்டிப் பார்த்தார். வழவழப்பைத் தடவிப் பார்த்தார். பானை சந்தேகத்துக்கு இடமில்லாத பழைய பானை. "பால்சாமி, உன் ஆய்வேடு கிடைச்சாச்சு. சங்கோடு பிள்ளையைப் புதைச்சதை நான் எங்கயும் பார்த்ததில்லை" என்றார். சுற்றியுள்ள மண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாணவன் எழுதியிருப்பான் என்று நம்பினார்.

அடுத்த மூன்று நாளும் பால்சாமி தரையில் நடக்கவில்லை. சங்கை நாலு பக்கமும் வரைந்தான். அதன் வாய் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. கீழே இப்படி எழுதினான்: 'பிள்ளையின் உதடு நோகாமலிருக்கத் தாயே தேய்த்திருக்க வேண்டும்.' எழுதும்போது அவனுக்கே கண் கலங்கியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தத் தாய் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எழுத்தைத் தாங்கக்கூடிய ஆறு எலும்புகளின்மேல் கறுப்பு மையால் பானையின் எண்ணை எழுதினான். அழியாமலிருக்க அதன்மேல் வார்னிஷ் தடவினான். பஞ்சு வைத்த பிஸ்கட் டப்பாவில் அடுக்கினான். திங்கட்கிழமை ரயிலில் எல்லாம் பட்டணம் போவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று கிடைத்ததையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்தார்கள். முத்தழகும் தம்பிக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்தாள். தம்பி கண்டெடுத்ததைப் பார்க்க வேண்டாமா?

சங்கின் முன்னால் வந்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"இதை எங்கன எடுத்தீக?"

"அது ரொம்பப் பழசுக்கா. ஒரு பானைக்குள்ள..."

"என் சங்கு இது."

"சங்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"வாயி குத்துது, பால் குடிக்க மாட்டேங்குதுன்னு நான்தானே அம்மியில வச்சு ஒரு பக்கம் தேச்சேன். இந்தா, இந்தப் பக்கம்." பார்க்காமலே விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலில் அக்காவின் தலைப்பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்தது பால்சாமிக்குத் தெரியும். அப்போது மதுரையில் கல்லூரியில் இருந்தான். பரீட்சை என்று வரவில்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டான். எங்கே வைத்தீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. யாரோ ஒரு தாய்க்காகக் கலங்கிய கண், சொந்த அக்காவுக்கு அன்றைக்குக் கலங்கியதா என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"பானை பழசாச்சேக்கா" என்றான், கடைசியாக ஒரு நப்பாசையில்.

"புதுப்பானைக்கு எங்க போறது? பேரு வைக்குமுன்ன போன புள்ளைய வெறும் மண்ணுல வைக்க மாட்டாகல்ல. அன்னிக்குக் குயவர் சூளை கரைஞ்சு தண்ணியாக் கெடந்துச்சு. மழையில திடல்ல பேந்து கெடந்த பானை ஒண்ணுல வச்சேன்னு உன் மச்சான் வந்து சொன்னாக. சங்கை நான்தான் கூடக் குடுத்து விட்டேன். எந்த இடம்னு எனக்குக் காட்டல. பொதைக்கையில பொம்பளைக அங்கன போறதில்லையே." அவள் அழவில்லை. "புள்ள எங்க?"

மச்சான் சின்னக்கருப்பன் வாலிநோக்கம் உப்பளத்தில் வேலைக்கு இருந்தான். மாதம் ஒரு தடவைதான் வருவான். அவன் ஊரில் இருந்திருந்தால் அந்த இடத்தில் கடப்பாரை விழுந்திருக்காது.

பால்சாமி நேரே பேராசிரியரிடம் போனான். அக்கா சொன்னதையும், மண் உதிர்ந்ததையும், எழுதாமல் விட்டதையும் சொன்னான். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"தெரியாம விட்டியா, தெரிஞ்சே விட்டியா?"

"தெரிஞ்சேதான் சார்."

"நோட்டில் பழையதை அடிக்காதே. கீழே இன்றைய தேதி போட்டு நடந்ததை எழுது. இந்த வருஷம் உனக்கு ஆய்வேடு இல்லை." பிறகு குரல் தணிந்து, "பிள்ளையைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடு. பானையும் போகட்டும்" என்றார்.

அன்று பிற்பகல் திடலின் கீழ்ப்பக்கம் பால்சாமியே குழி வெட்டினான். வீட்டுக்குப் போங்கள் என்று ஊர்ப்பெரியவர் ஒருவர் முத்தழகிடம் சொல்லிப் பார்த்தார். "போன தடவ நீங்க சொன்னதைத்தான் கேட்டேன். இந்தத் தடவ எங்கன வைக்கிறீகன்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக அவளே எடுத்துப் பானைக்குள் வைத்தாள். ஒரு சின்ன எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

"இது என்னடா தம்பி, கறுப்பா?"

"நம்பர்க்கா. நான்தான் எழுதினேன். பதினேழு."

முந்தானையை எச்சில் தொட்டு மெல்லத் துடைத்துப் பார்த்தாள். "போவாதா?"

"போகாது. போகக்கூடாதுன்னுதான் மேல வார்னிஷ் தடவுறது."

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது.

"ஒம்போது நாள் இருந்துச்சு. ஒரு பேரு கூட வைக்கல" என்றாள். "இனிமே எப்பவாச்சும் உன்னைப் போலப் படிச்சவக வந்து தோண்டினா, இதைப் பாத்து முத்தழகு புள்ளைன்னு தெரிஞ்சுக்குவாகல்ல?"

அந்த எண் தனியாக, எத்தனையாவது பொருள் என்பதை மட்டும்தான் சொல்லும். யார் பெற்ற பிள்ளை என்று சொல்லாது.

"தெரிஞ்சுக்குவாகக்கா" என்றான் பால்சாமி.

முத்தழகு நிம்மதியாக அந்த எலும்பை உள்ளே வைத்து, அதன்மேல் சங்கையும் வைத்து, தட்டால் மூடினாள். அவன் மண்ணைத் தள்ளத் தொடங்கினான்.