ஊதா, இளம் ஊதா, வெள்ளை

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன் நான். எந்த நிறத்தைக் காட்டினாலும் அச்சு அசலாகக் கலக்கித் தருவேன். அந்தத் திங்கட்கிழமை அவள் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவுன்டரில் வைத்தாள். அதில் செருகிய சின்னக் கிளையில் ஒற்றை ஊதாப்பூ. "சார், செவுத்துக்கு இதே கலர் வேணும்" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் அந்த 'சார்' செய்த வேலை. கடைக்கு வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் நான் "அண்ணா". அறுபது வயதுக்காரிக்கும் அண்ணா. முப்பத்தெட்டு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று சத்தியமே செய்வேன்.

அந்தப் பூவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னலோரம் அதே செடிதான். முதல் நாள் ஊதா, மறுநாள் இளம் ஊதா, மூன்றாம் நாள் வெள்ளை, அப்புறம் உதிர்ந்துவிடும். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் மறுபடி வரமாட்டாளே! வாயை மூடிக்கொண்டு ஊதாவைக் கலக்கி, அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் உலர்த்திக் காட்டினேன். சாம்பிள் டப்பாவோடு போனாள்.

செவ்வாய்க்கிழமை அதே கிளையோடு வந்து நின்றாள். "சார், கலர் ஒத்துப்போகலையே."

"என் தப்புதாங்க. மறுபடி கலக்கித் தர்றேன்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"முதல்ல கண் டாக்டரைப் போய்ப் பாருய்யா" என்றார் முதலாளி.

வீட்டில் என் தங்கச்சி என்னை விடவில்லை. "ரெண்டு நாளா தானா சிரிக்கிறே. பெயிண்ட் வாடை தலைக்கேறிடுச்சா?" விஷயத்தைக் கக்கினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பூ வெள்ளையாயிடும். அதுக்கப்புறம் அவ எதுக்கு வரப்போறா? நாளைக்கே சொல்லிடு."

புதன்கிழமை. பூ வெள்ளை. மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் "பளபளன்னு வேணுமாங்க, சாதாவா?" என்றுதான் வந்தது. வெள்ளை டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வாசல் வரை போய்விட்டாள்.

"ஏங்க! கலர் தப்பில்லீங்க. பூதான் மாறுது. எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க திரும்பி வரணும்னுதான் சொல்லல."

கடையே திரும்பிப் பார்த்தது. 'என்னண்ணா இது' என்று கேட்கப்போகிறாள் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"இதுக்குப் பேரு புருன்ஃபெல்சியா. எங்க நர்சரியில நானூறு செடி இருக்கு. தினமும் தண்ணி ஊத்துறதே நான்தான்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலாளியிடம் கேட்டாள்:

"அண்ணா, இவரை மத்தியானம் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுவீங்க?"