எபனேசரும் மோரியாவும் ஒட்டிக்கொண்ட விதம்

நன்றாகப் பாடினால் எபனேசர் ஜெபவீடு பக்கவாட்டில் வளரும். எங்கள் சிலேட்டுக் குவாரி ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வேல்ஸ் மழையில் கதவு உப்புவதில்லையா, அதுபோல. பெஞ்சுகள் விரற்கடை நீளும், வளைவு ஜன்னல்கள் கண்ணாடி உடையாமல் விரியும், மூன்று பக்கமும் சுற்றிவரும் மேல்மாடி முனகிக்கொண்டே இடம் விடும். முகப்புக் கல்லில் 'கட்டியது', 'திரும்பக் கட்டியது' என்பவற்றுக்கு வருடம் உண்டு. 'பெரிதாக்கியது' என்பதற்கு எதிரே கொத்தனார் ஒன்றும் வெட்டவில்லை. எத்தனை தடவைதான் வெட்டுவார்?

பக்கத்திலேயே, நிலக்கரி வண்டி போகிற அளவு சந்துக்கு அப்பால், மோரியா ஜெபவீடு. போதகர் கண்ணில் படும்படி மேல்மாடியில் கடிகாரம் மாட்டலாமா என்ற பழைய சண்டையில், தேவசெய்திக்கு நேரம் குறிப்பதா என்று எபனேசரை விட்டு வெளியேறியவர்கள் கட்டியது. பெஞ்சுக்குப் பெஞ்சு குடும்பப் பெயர் எழுதியிருக்கிற ஊர் இது. பெஞ்சை விடுவதும் குடும்பத்தை விடுவதும் ஒன்றுதான்.

எபனேசரில் பாட்டு நடத்துகிற இத்தெல் பாரியின் மகள் டெக்வென்னும், மோரியாவில் பேஸ் என்னும் அடிக்குரலில் பாடுகிற மெய்ரிக்கும் வருஷக்கணக்காகக் காதலித்தார்கள். யார் பெஞ்சு மாறுவது என்பதிலேயே கல்யாணம் நின்றது.

"அவன் இங்க வரட்டும். நல்ல குரலு, கடியாரம் இல்லாத எடத்துல கெடந்து வீணாப்போவுது" என்றார் இத்தெல்.

"எங்கம்மா உசிரோட இருக்கிறவரைக்கும் நான் ஒங்க பெஞ்சுல உக்கார முடியாதுங்க ஐயா" என்றான் மெய்ரிக். "டெக்வென் அங்க வரட்டுமே."

"வரட்டும், வரட்டும்னு நீங்க ரெண்டு பேரும் கட்டிக்குங்க" என்றாள் டெக்வென். "எனக்கு வேல கெடக்கு."

மெய்ரிக் ரோஷத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் சீட்டு வாங்கிவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள், சுற்றுவட்டாரத்து ஜெபவீடுகளெல்லாம் சேர்ந்து பாடும் திருநாள். அந்த வருடம் எபனேசர் முறை. பேஸ்காரர்களோடு மேல்மாடியில் மெய்ரிக் நின்றான்.

கடைசிச் சரணம் நன்றாக வந்தால் எங்களவர்கள் திரும்பப் பாடுவார்கள். அன்று நன்றாகவே வந்தது. முதலில் நிறுத்துவது அவமானம் என்று எபனேசர்காரர்களும் நிறுத்தவில்லை, மோரியாக்காரர்களும் நிறுத்தவில்லை. பாட்டு நின்றால் அவன் போய்விடுவான் என்பது டெக்வென்னுக்குத் தெரியும். ஓயப்போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அவளே முதல் வார்த்தையை எடுத்தாள், மேலேயிருந்து மெய்ரிக் அதைத் தாங்கிப் பிடித்தான். பின்கட்டில் தேநீர் வற்றியது. சுவர் சந்துக்குள் இறங்கியது.

"கொஞ்சம் பொறுங்கய்யா, குதிரைய அவுத்துக்கிறேன்!" என்று சந்தில் வண்டியை நிறுத்தியிருந்த நிலக்கரிக்காரர் கத்தினார். சுவர் பொறுத்தது. குதிரையும் வண்டியும் வெளியேறியதும் மீண்டும் நகர்ந்து, இரண்டு தண்ணீர்ச் சொட்டுகள் சேர்வதுபோலத் தூசியில்லாமல் மோரியாவின் சுவரோடு சேர்ந்து, இரண்டு சுவர்களும் இல்லாமல் போயின. பாரி குடும்பத்துப் பெஞ்சின் நுனி மெய்ரிக் குடும்பத்துப் பெஞ்சின் நுனியில் முட்டி நின்றது. அதன்பிறகுதான் எல்லோரும் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.

மெய்ரிக்கின் அம்மா காத்ரின் குனிந்து முட்டின இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இந்த எடம் வரைக்கும் எங்களது. இந்தாண்ட வார்னிஷ் பூசினீங்கன்னா தெரியும் சேதி."

"ஒங்க மரத்துக்கு எங்க வார்னிஷ் ஒரு கேடா?" என்றார் இத்தெல்.

கப்பல் சீட்டு ஒன்றுவிட்ட தம்பிக்குப் போனது. இலையுதிர்காலத்தில் கல்யாணம். அவள் அவள் பெஞ்சின் நுனியில், அவன் அவன் பெஞ்சின் நுனியில், தோளோடு தோள். யாரும் எங்கும் மாறவில்லை. நிலக்கரி வண்டி இப்போது பாலத்தைச் சுற்றி வருகிறது. இரண்டு பீடங்களிலும் இரண்டு போதகர்கள் ஒரே நேரத்தில் பிரசங்கிக்கிறார்கள். டெக்வென்னின் பிள்ளைகள் இணைப்பின் மேல் உட்கார்ந்து, இந்தக் காதில் ஒன்றும் அந்தக் காதில் ஒன்றுமாகக் கேட்டபடி, இரண்டு பக்கத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் தூங்குகின்றன.